எங்கே உறுத்துகிறது?

மார்ச் 3

இன்று பல்செட் மூன்று. மெழுகில் பல் அடுக்கும்போது கை நடுங்கவில்லை. பட்டறை முதலாளி பின்னால் நின்று பார்த்துவிட்டு, "தாயே, உன் கையே கை" என்றார். முன்பெல்லாம் மிளகாய் என்றுதான் கூப்பிடுவார். அச்சு வார்க்கிறவன் பிளாஸ்டரைத் தண்ணீராகக் கரைத்து என் அரை நாள் வேலையைக் கெடுத்திருந்தான். போன வருடமாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். "பரவாயில்ல, திரும்ப ஊத்து" என்றேன். அவன்தான் மிரண்டு போனான்.

மார்ச் 8

மகள் கல்லூரி விடுதிக்குக் கிளம்பினாள். ரயில் நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் கீழ் வரிசையில் ஒரு பல் லேசாகச் சாய்ந்திருக்கிறது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழேன்டி என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ம்ஹூம்.

"உனக்கு ஒண்ணுமே தோணலையாம்மா?"

"பத்திரமாப் போ."

வண்டி நகரும்வரை என் முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 9

ஒன்றுமில்லை.

மார்ச் 14

மனநல மருத்துவரிடம் போனோம். "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டரம்மா கேட்டது என்னை. பதில் சொன்னது இவர், என் வீட்டுக்காரர். "ரொம்ப நல்லா இருக்கா டாக்டர். சண்டை இல்ல, சத்தம் இல்ல. நேரத்துக்குத் தூங்குறா." டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். நானும் தலையை ஆட்டி வைத்தேன். அதே மருந்து, அதே அளவு.

மாத்திரை இரண்டு. ஒன்று மனச்சோர்வுக்கு. மற்றது அந்தக் குரலுக்கு. போன மழைக்காலத்தில் பட்டறைச் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் என்னைத் திட்டும். செத்துத் தொலை என்று சொல்லும். எனக்கு மட்டும்தான் கேட்கும். அப்போது டாக்டரம்மா என் நோயைவிட என் வேலையைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். "கை வேலையா? அப்ப நடுக்கம் அதிகம் தர்ற மருந்து வேண்டாம்." ரத்தம் பார்த்தார், எடை பார்த்தார், எங்கள் குடும்பத்தில் யாருக்காவது எந்த மருந்தாவது ஒத்துக்கொண்டதா என்று விசாரித்தார். சில வாரத்தில் குரல் நின்றது. நன்றி இல்லாமல் இல்லை. அது நின்றதோடு மற்றதும் நின்றுவிட்டதே, அதை எந்த வாயால் சொல்வது?

மார்ச் 15

இவரைக் குறை சொல்ல முடியாது. அந்த மழைக்காலத்தில் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்ததும் இவர்தான். நான் உள்ளே இருக்கும்வரை வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நிமிடத்துக்கொரு தரம் பேர் சொல்லிக் கூப்பிடுவார். நான் பதில் சொல்ல வேண்டும். இப்போது ஸ்டூல் இல்லை. தாழ்ப்பாளும் இல்லை.

மார்ச் 21

பட்டறைக்கு மேல் மாடியில் இருக்கும் பல் டாக்டர் கூப்பிட்டார். பெரியவர் ஒருவருக்குப் புது செட் மாட்டிப் பார்க்க வேண்டும். எங்கே உறுத்துகிறது என்று கேட்டதற்கு அவர் மனைவி முந்திக்கொண்டார்: "நல்லாத்தான் பொருந்தியிருக்கு. பாக்கவே லட்சணமா இருக்கு."

"அவர் சொல்லட்டும்மா."

பெரியவர் குழறினார்: "தெரியலையே." கொஞ்சம் முன்னால்தான் மீதியிருந்த கடைசிப் பல்லைப் பிடுங்க மரப்பு ஊசி போட்டிருக்கிறார்கள். பல் டாக்டர் சிரித்துவிட்டார். "மரப்பு இறங்கட்டும். அதுவரைக்கும் எந்த இடத்தைன்னு தேய்க்கிறது?"

படி இறங்கும்போது கால் அப்படியே நின்றுவிட்டது. நானும் மரத்த வாயோடுதான் நல்லாயிருக்கேன் என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறேனா?

மார்ச் 28

தனியாகப் போனேன். ரயில் நிலையத்தில் அழுகை வராததைச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"இது கஷ்டம்னே எனக்குத் தோணல, டாக்டர்."

சோர்வு மருந்தின் அளவு கூடினால் சிலருக்கு இப்படி ஆகுமாம். துக்கத்தை அமுக்கும்போது சந்தோஷத்தையும் சேர்த்து அமுக்கிவிடும். குரலுக்கான மருந்தும் செய்யலாம், நோயின் மிச்சமாகவும் இருக்கலாம். "ரெண்டையும் ஒரே நேரத்துல குறைச்சா எதனாலன்னு தெரியாமப் போயிடும். குரல் மாத்திரை அப்படியே இருக்கட்டும், அதுல இப்ப கை வைக்க வேண்டாம். மத்ததைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிப் பார்ப்போம். நீங்களா நிறுத்திடாதீங்க."

புரிந்தது. செட்டிலும் ஒரு நேரத்தில் ஒரு இடத்தைத்தான் தேய்ப்போம்.

மார்ச் 29

இவரிடம் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"நல்லாத்தானே போயிட்டிருக்கு? எதுக்கு இப்ப அதைக் கிளறணும்?"

"உங்களுக்கு நல்லா இருக்கு."

"மறுபடியும் அப்படி ஆயிட்டா? நான் என்னடி பண்ணுவேன்?"

இவர் கண் கலங்கியது. எனக்குப் பயம்கூட வரவில்லை. என் பங்கையும் சேர்த்து இவரே பயப்படுகிறார்.

ஏப்ரல் 11

லேசான தலைசுற்றல். அளவு குறையும்போது வரும் என்று டாக்டரம்மா சொன்னதுதான். மற்றபடி அதே.

ஏப்ரல் 19

மகள் போனில் விடுதிக் கதையெல்லாம் சொன்னாள். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 30

பிளாஸ்டர்காரன் மறுபடியும் தண்ணீராகக் கரைத்தான். கத்தினேன். தெரு வரைக்கும் கேட்டிருக்கும். கை நடுங்கியது, அது மருந்தால் இல்லை, கோபத்தால். முதலாளி எட்டிப் பார்த்து, "மிளகாய் வந்துட்டாடா" என்றார்.

வீட்டில் சொன்னபோது இவர் முகம் வெளுத்துவிட்டது. மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குரல் ஏதாவது கேக்குதா?"

"கேக்குது. உங்க குரல்தான். கொஞ்சம் நிறுத்துங்க."

சிரிப்பாரென்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மே 9

இன்று டாக்டரம்மா அறைக்கு வெளியிலேயே இவர் நின்றுகொண்டார். "நீயே போய்ப் பேசு. உன் வாய் உன்கிட்டதானே இருக்கு." பேசினேன். இப்போதைய அளவிலேயே இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. குரல் திரும்பி வந்தால் உடனே சொல்ல வேண்டும், இவரிடமும் சொல்ல வேண்டும். சரி என்றேன்.

சாயங்காலம் குளியலறைப் பக்கம் டக்டக்கென்று சத்தம். இவர் தாழ்ப்பாளை மாட்டிக்கொண்டிருந்தார். தலைகீழாக.

"இத்தனை வயசாச்சு, ஒரு தாழ்ப்பாளை ஒழுங்கா மாட்டத் தெரியல!" ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. ஸ்டூல், மழைக்காலம், டாக்டரிடம் எனக்குப் பதில் இவர் பேசியது எல்லாம் வந்தது. இவர் திருப்புளியும் கையுமாக நின்று கேட்டார். பிறகு கழற்றிச் சரியாக மாட்டிக் கொடுத்தார்.

உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். ரயில் நிலையத்தில் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு போனாளே, அது அப்போதுதான் வலித்தது. வாய்விட்டு அழுதேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் இவர் நிற்பது தெரிந்தது. நான் அழுது முடிக்கும்வரை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.