அப்பாவுக்கு விமானம் ஓட்டத் தேதி கிடைத்தது

திண்டிவனம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் அருணாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மா தையல்நாயகியும் இங்கே தினம் இரண்டு வேளை சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம், மெல்போர்னில் நீயும் சளி, இருமல் இல்லாமல் சாப்பாட்டு வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறோம். மல்லாட்டை பிடுங்கியாயிற்று, இந்த வருஷம் பருப்பு நல்ல திரட்சி, உனக்குக் கடலை வறுத்து அனுப்ப வேண்டும் என்று அம்மா ஒரு டப்பாவைக் கழுவிக் காயவைத்துவிட்டு அந்த டப்பாவையே மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். உன் தம்பி கோபி பக்கத்தூர் பிரம்மதேசத்தில் சிநேகிதன் கல்யாணத்துக்குப் போனவன் பந்தியில் பரிமாறப் போய்ச் சாம்பாரைக் கையில் ஊற்றிக்கொண்டு வந்தான், பயப்படாதே, கொப்புளம் வற்றிவிட்டது. எனக்குச் சர்க்கரை அப்படியே இருக்கிறது, அது என்னை விட்டுப் போவதாக இல்லை.

நீ அனுப்பின வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய், அதனால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நானே அடிக்கிறேன், ஒவ்வொரு எழுத்தையும் அது வாசித்துக் காட்டுவதால் உன் அம்மாவுக்கும் சேர்த்துத் தெரிந்துவிடுகிறது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளிகளில் பாடத்துக்குத் தேதி பதிவு செய்கிற உங்கள் கம்பெனித் தளத்தை, ஊனமுள்ளவர்களும் சுலபமாகப் பயன்படுத்தும்படி நீங்கள் மாற்றிவிட்டீர்கள் என்றும், பிறவியிலேயே பார்வை இல்லாத உன் அப்பா அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டாய். சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டேன். பார்வையில்லாதவன் எவன் ஏரோப்ளேன் ஓட்டப் போகிறான், சும்மா சட்டத்துக்காகச் செய்கிறோம் என்று உன் மேனேஜர் சொன்னதாக நீ சிரித்தாய், பொய் சொல்லக் கூடாது, நானும் சேர்ந்து சிரித்தேன்.

முதல் நாள் உள்ளே நுழையவே முடியவில்லை. நீ மனிதன்தான் என்று நிரூபி, விமானம் இருக்கிற படத்தையெல்லாம் தொடு என்று கேட்டது. பிறந்ததிலிருந்து ஒரு விமானத்தையும் பார்க்காதவன் எதைத் தொடுவது? அம்மாவைக் கூப்பிட்டேன், அம்மா கண்ணாடியைத் தேடப் போனாள், அதற்குள் பக்கத்து வீட்டு முனியம்மாள் உறை மோர் கேட்டு வந்தாளோ இல்லையோ, அவளை உட்காரவைத்தேன். அவள் நிதானமாக ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து, இன்னாண்ணா இது, இதுக்கு ரெக்கை தலை மேல சுத்திக்கினு கீது, இதையும் சேக்கறதா வாணாமா என்று கேட்டாள். ஹெலிகாப்டர் விமானமா இல்லையா என்று அம்மாவுக்கும் அவளுக்கும் வாக்குவாதம் முற்றி, நேரம் முடிந்துவிட்டது, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பி என்று வந்துவிட்டது. பதிவு முடிகிற வரைக்கும் மொத்தமே மூன்று நிமிடம்தானாம். மோர் வாங்க வந்தவள் மோரை மறந்துவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து படத்தையெல்லாம் கோபி தொட்டுக் கொடுத்தான். அப்புறம் தேதி. உங்கள் காலண்டரை என் கம்ப்யூட்டர் எப்படி வாசிக்கிறது தெரியுமா, பொத்தான், பொத்தான், பொத்தான், அவ்வளவுதான். முப்பது பொத்தான். எது திங்கள், எது ஞாயிறு, எதில் இடம் இருக்கிறது, ஒரு தகவலும் இல்லை. இடம் உள்ள நாளெல்லாம் பச்சையாக இருக்கும்ப்பா என்று நீ போனில் சொன்னாய் பார், அதைக் கேட்டுவிட்டு உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், சத்தம் எனக்கே கேட்டது. விழுப்புரத்தில் நான் வேலை பார்த்த ஆபீசில் சக்கர நாற்காலிக்கென்று சரிவுப்பாதை கட்டினார்கள் இல்லையா, பெரிய அதிகாரி வருகிறார் என்று அதன் உச்சியில் வரிசையாகப் பூந்தொட்டி வைத்தார்கள், அவர் போன பிறகும் தொட்டியை எடுக்கவில்லை, ஆனால் பாதை இருக்கிறது என்று வருஷா வருஷம் அறிக்கை போயிற்று. உங்கள் தளத்திலும் முதல் பக்கத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்டிருக்கிறதாம், ரொம்ப அழகாக இருக்கிறது என்று கோபி சொன்னான்.

இப்படி ஏழு தடவை முயன்று, எட்டாவது தடவை பொத்தான்களை எண்ணிக்கொண்டே போய்க் கடைசிப் பக்கத்தைப் பிடித்துவிட்டேன். அங்கே நிறுத்திவிட வேண்டும், பதிவு செய்துவிடாதே என்று நீ சொல்லியிருந்தாய். அந்தப் பக்கத்தில் இரண்டு பொத்தான், இரண்டுக்கும் பெயர் இல்லை. இருபத்தொன்பது வருஷம் நான் உட்கார்ந்த டெலிபோன் போர்டில் முதல் விசை எப்போதும் இணைப்பைத் துண்டிக்கிற விசை, கை தானாக அதற்குத்தான் போகும். அந்தப் பழக்கத்தில் ரத்து என்று நினைத்து முதலாவதை அமுக்கினேன். வாழ்த்துகள், உங்கள் முதல் விமானப் பாடம் உறுதியாயிற்று, பணத்தை நேரில் கட்டலாம் என்று கம்ப்யூட்டர் மூச்சுவிடாமல் வாசித்தது. அத்தனை நேரம் ஒரு வார்த்தை சொல்லாத தளம் இதை மட்டும் முழுசாகச் சொல்லிற்று. உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, கண்ணு தெரியாத மனுசன ஏரோப்ளேன் ஓட்ட வுட்டுட்டாளா உங்க பொண்ணு, இன்னாங்க இது பேஜாரு, ஜல்தி அவளுக்குப் போன் போடுங்க என்று ஒரே அமர்க்களம்.

உனக்குப் போட்டேன், நீ எடுக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மெல்போர்னில் இருக்கிற அந்த விமானப் பள்ளியிலிருந்தே ஒரு அம்மாள் கூப்பிட்டார். நல்ல தெளிவான இங்கிலீஷ், போர்டில் உட்கார்ந்திருந்தால் முதல் தரம் என்று நினைத்துக்கொண்டேன். என் எடை கேட்டார், உயரம் கேட்டார். அம்மா, மன்னிக்கணும், எனக்குக் கண் தெரியாது, தவறிப்போய் அமுக்கிவிட்டேன் என்றேன். அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன், அவர் சிரிக்கவில்லை. அதனால் என்ன, பக்கத்தில் ஆசிரியர் இருப்பார், பார்வையில்லாத இரண்டு பேர் போன வருஷம் வந்தார்கள், விமானத்தைப் பிடித்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள், நீங்களும் ஒரு வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்கிறார். அருணா, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அறுபத்திரண்டு வயசு வரைக்கும் என்னைப் பார்த்து உன்னால் ஆகுமா என்று கேட்டவர்களையெல்லாம் திட்டினவன், உன் மேனேஜரோடு சேர்ந்துகொண்டு அதையே நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார், அதைக் கேள். அங்கே சக்கர நாற்காலியில் ஒருவர் வருகிறாராம், காலுக்குப் பதில் கையாலேயே ஓட்டுகிற விமானம் ஒன்றே ஒன்று வைத்திருக்கிறார்களாம், அதுவும் வாரத்தில் இரண்டு நாள்தான் கிடைக்குமாம். அவருக்கு விரல்கள் மெதுவாகத்தான் நகரும், எழுத்துப் பலகையில் ஒவ்வொரு விசையாகத் தட்டித்தான் போவார், உங்கள் மூன்று நிமிடத்துக்குள் முடிக்க முடியாமல் அந்த நாளை வேறு யாராவது விளையாட்டுக்குப் பதிவு செய்துகொண்டு போய்விடுகிறார்கள். போனில் பதிவு செய்யலாம் என்றால், தளத்தில் புது இடம் திறப்பது விடுமுறை நாளில், அன்றைக்குப் போன் எடுக்க ஆளில்லை. லைசென்ஸ் வாங்க இன்னும் ஐந்து பாடம்தான் பாக்கி, அந்த ஐந்துக்கு எட்டு மாதமாக அலைகிறாராம். ஆக, கண் தெரியாத எனக்கு வேண்டாத விமானத்தைக் கொடுத்துவிட்டு, ஓட்டத் தெரிந்தவருக்குக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள்.

இந்த நேரத்தில்தான் உன் இரண்டு வரி வந்து சேர்ந்தது. நான் பார்வையற்றவன், இந்தத் தளத்தை யார் உதவியும் இல்லாமல் எளிதாகப் பயன்படுத்தினேன் என்று நீயே எழுதி, அதன் கீழே என்னைக் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் போட்டோவோடு அனுப்பச் சொல்லியிருக்கிறாய். அது போனால்தான் உன் வேலை நிரந்தரமாகும், அதை வைத்துத்தான் விசா என்றும் சொல்கிறாய். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, இரும்பை ஊர்ச் சிவன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு உன் அம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்திருக்கிறாள். கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டுப் போங்களேன், புள்ள பொழைக்கட்டும் என்று காலையிலிருந்து கெஞ்சுகிறாள். இருந்தாலும் அந்த வரியில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். அதற்குப் பதில் இதைப் போடு: சுப்பராயலு ஆகிய நான் பார்வையற்றவன், ஏழு முறை தோற்று, எட்டாவது முறை ரத்து செய்ய நினைத்து விமானம் ஓட்டப் பதிவு செய்துவிட்டேன். உங்கள் மேனேஜர் இதை முதல் பக்கத்தில் போடுவதானால் சொல், புதுச் சட்டை போட்டுப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. ஒரு விஷயம் இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன், சொல்லிவிடுகிறேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது காலாண்டு மார்க் அட்டையைக் கொண்டுவந்து, கணக்கில் எழுபத்தொன்று என்று வாசித்துக் காட்டி, என் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தாய், நானும் கையெழுத்துப் போட்டேன். அது முப்பத்தொன்று என்று எனக்குத் தெரியும். உங்கள் கணக்கு டீச்சர் முந்தின நாளே ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டார், போர்டில் எடுத்தவன் நான்தானே. என் விரலைப் பிடித்திருந்த உன் கை ஜில்லென்று இருந்தது, அதனால்தான் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு ஏமாந்தது நான் ஒருத்தன், அதுவும் தெரிந்தே ஏமாந்தேன். இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் ஏமாறப் போவது அந்தச் சக்கர நாற்காலிக்காரர், அவருக்கு முந்தின நாள் போன் போட்டுச் சொல்ல யாரும் இல்லை.

உன் மேனேஜரிடம் இதைத் தைரியமாகக் காட்டு. அந்த மூன்று நிமிடத்தை முதலில் எடுக்கச் சொல், பிறகு பொத்தானுக்கெல்லாம் பெயர் வைக்கச் சொல், பிள்ளைக்குப் பெயர் வைக்கிற மாதிரி விழாவெல்லாம் வேண்டாம், வைத்தால் போதும். வேலை போய்விட்டால் ஊருக்கு வா, இங்கே உனக்குச் சோறு இருக்கிறது, உன் மேல் ஒரு கோபமும் இல்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட ஆயுளும் நல்ல தூக்கமும் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வாதம் பண்ணுகிறோம். குளிர் காலம் வருகிறது, காதை மூடிக்கொண்டு போ, வெள்ளிக்கிழமை மறக்காமல் போனை எடு.

இப்படிக்கு,
கோடு எங்கே என்று யாரும் விரல் பிடித்துக் காட்டாமல் கையெழுத்திடும்
உன் அப்பா,
சுப்பராயலு