நான் மன்னித்ததாக நீங்கள் சொன்ன கதை

மழைக்கு முன்னால் உப்பு அம்பாரத்தை மூடுவதற்கு நேற்று ஓலை கொண்டுவந்து இறக்கினார்கள். ஈரப் பனையோலையின் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது. அன்பான ஞாபகம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். குடியை நிறுத்தினவர்கள் கூட்டம் நடக்கும் ஓலைக் கொட்டகையும், அதில் நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நிற்பதும்தான் கண்ணில் வந்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ஞாயிறு மத்தியானம் தவறாமல் போவீர்கள். மனைவிமாரும் வரலாம் என்று சொன்னதால் என்னையும் வண்டியில் கூட்டிப்போவீர்கள். ஆண்கள் முன்னால் நாற்காலியில், நாங்கள் பின்னால் பாயில். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்குவார்கள். நோயாம். காய்ச்சல் வந்தவன் எவனும் பெண்டாட்டி கையை முறுக்கி உடைத்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கையைத்தான் நீங்கள் அங்கே கதையாகச் சொன்னீர்கள். என் இடது கை இன்றைக்கும் முழுசாக நீளாது. உப்புக் கூடையைத் தலைக்கு ஏற்ற இன்னொருத்தி துணை வேண்டும். முதல் தடவை சொன்னபோது உங்கள் நாக்குக் குழறியது, நான்கூட இரங்கிவிட்டேன். போகப் போகக் கதைக்கு மெருகு ஏறியது. கதைக்குள் மழை வந்தது, கரண்ட் போனது. கடைசியில், உடைந்த கையோடு நான் உங்களுக்குச் சோறு போட்டு, "பரவால்ல விடுங்க, நான் மன்னிச்சிட்டேன்" என்று சொன்னேனாம். அந்த ஒரு வார்த்தைதான் உங்களைத் திருத்தியதாம். கொட்டகையே கைதட்டியது.

ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, முடித்த பிறகு பதிலும் சொல்லக் கூடாது என்பது அங்கே சட்டம். உங்களுக்கு வசதியான சட்டம். பாயில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது வண்டியிலேயே கேட்டேன்.

"நான் எப்பங்க மன்னிச்சேன்?"

"அது கூட்டத்துக்குச் சொல்றதும்மா. கேட்டா நாலு பேரு திருந்துவான்."

"சரி, எங்கிட்ட எப்ப சொல்லுவீங்க?"

"இன்னாத்த?"

இன்னாத்தையா! நம் வீட்டில் அந்தப் பேச்சு அதோடு சரி.

உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். கை உடைந்த நாளுக்குப் பிறகு நீங்கள் ஒரு சொட்டுத் தொடவில்லை. நானோ மாதக்கணக்கில் உங்களோடு பேசவில்லை. தட்டை உங்கள் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வேன். கை நடுங்க, வேர்த்துக் கொட்ட, அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடிக்காமல் படுத்துக்கொண்டீர்கள். இதை ஏன் ஒரு நாளும் கொட்டகையில் சொல்லவில்லை?

போன ஞாயிறு உங்களுக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். கூட்டத்தை நடத்தும் ரிட்டயர்டு கண்டக்டர் என்னிடம் வந்து, "அண்ணி, அண்ணனப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்றார். பக்கத்தில் கூனிமேட்டுச் செல்வி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் குடியை விட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகிறது.

"அக்கா, அண்ணன் சொன்ன கதையக் கேட்டுத்தான் எங்க வூட்டுக்காரரு நிறுத்துனாரு" என்று காதருகே சொன்னாள். "அந்தக்கா மாதிரி நீயும் மன்னிச்சாதான் என்னால தாங்க முடியும்னு தெனம் உசுர வாங்குறாரு. மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டேன். வவுறு எரியுதுக்கா."

எனக்குப் பயமாக இருந்தது. நான் உண்மையைச் சொல்லி, அந்த ஆள் மறுபடியும் கடைக்குப் போய்விட்டால் அடி அவளுக்குத்தானே விழும்? சொல்லாவிட்டால் உங்கள் பொய்யை அவள் காலம் முழுக்கச் சுமக்க வேண்டும். செத்த பிறகும் நீங்கள் என்னை நிம்மதியாக உட்காரவிடவில்லை. எழுந்தேன்.

"நான் மன்னிக்கல" என்றேன். "அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. அவரு சொன்னது பொய். மன்னிக்காத பொம்பள போட்ட சோத்தத் தின்னுக்கிட்டே அந்த மனுஷன் குடிய வுட்டாரு. அதுக்கு வேணா கைதட்டுங்க."

யாரும் தட்டவில்லை. கண்டக்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செல்வியின் புருஷன்தான் சட்டத்தை மீறினான். நாற்காலியோடு திரும்பி அவளைப் பார்த்து, "நீயும் அப்படித்தானா?" என்று கேட்டான்.

செல்வி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "ஆமா. இன்னும் மன்னிக்கல" என்றாள்.

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். "தப்புதான் செல்வி. நான் உன்ன அடிச்சது தப்புதான்" என்றான். கூட்டத்துக்குச் சொல்லவில்லை, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்களுக்காக அழுகிறேன் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எங்கே! இவ்வளவு சின்னப் பேச்சு அது. ஊரையே அழவைத்த உங்கள் வாய்க்கு அது எட்டவில்லை.

அவன் இனியும் குடிக்காமல் இருப்பானா, தெரியாது. உங்கள் மேலுள்ள கோபத்தை விட்டுவிடும்படி கண்டக்டர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். விடமாட்டேன். அதையும் விட்டுவிட்டால் உங்களோடு பேச எனக்கு வேறு எதுவும் இல்லை.