கைப்பை வைத்திருக்கும் நீர்யானை

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் நலம். உன் மாமியாரும் நலம். டாக்டர் அவருடைய கண்ணைப் பார்த்துவிட்டுப் புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார், அதுவும் வந்துவிட்டது. இதை முதலில் எழுதிவிடுகிறேன். அடுத்த வரியைப் படித்த பிறகு வேறு எதுவும் உன் தலையில் ஏறாது.

நம் நீர்யானையை ஊர் ஊராக வைக்கப் போகிறார்கள்!

போனில் சொல்லியிருக்கலாம். பாதி கேட்டதுமே "ஐயோ, வேண்டாம்க்கா" என்று வைத்திருப்பாய். கடிதத்தை நீ கோபமாக மடித்து வைத்தாலும் திரும்ப எடுத்துப் படிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

போன மாதம் மாதிரி அட்டைகளைக் கொடுத்துவிட்டு வந்தேனே, அந்த எழுதுபொருள் கடைகளின் முதலாளி பதில் சொல்லிவிட்டார். சோம்பேறிப் பூனை, தபால்காரக் கழுதை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நீர்யானையை மட்டும் எடுத்துக்கொண்டார். வாழ்த்து அட்டை, காலண்டர், டீக் கோப்பை என்று அவருடைய எல்லாக் கடைகளிலும் அதுதான் நிற்கப் போகிறது. ஒப்பந்தத்தில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே உனக்கு இடம் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் வேண்டுமாம். இது நடந்தால் நான் மருந்துக்கடையில் பில் போடுவதை விட்டுவிடலாம். நீயும் இஸ்திரி மேஜையின் ஓரத்தில் குனிந்து வரைய வேண்டாம். அக்காவும் தங்கையும் சும்மா பொழுதுபோக்குக்கு ஏதோ செய்கிறார்கள் என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.

உன் நிபந்தனையை நான் மறக்கவில்லை. நீர்யானை எங்கே போனாலும் நீ இருக்கும் ஊருக்கு மட்டும் வரக்கூடாது என்றாய். இந்த முதலாளிக்கு அங்கேயும் ஒரு கடை இருக்கிறது. உன் மாமியார் வாராவாரம் காய்கறி வாங்கும் மார்க்கெட் வாசலிலேயே. சங்கிலி கோத்த மூக்குக் கண்ணாடி, முழங்கையில் கைப்பை, எதைக் கண்டாலும் விரலால் தேய்த்துத் தூசி பார்க்கும் பழக்கம். நம் நீர்யானையைத் தெருக்கோடியில் இருந்து பார்த்தாலே அது யாரென்று தெரிந்துவிடும். நீ பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குச் செடிகொடி வரைவதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். நம்பிக்கொண்டிருந்தார் என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனி.

என்மேல் தப்பில்லை. அவர் இங்கே தங்க வருகிறார் என்றதும் அட்டைகளைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சுவரில் ஒட்டியிருந்தவற்றைக் கிழித்து எடுத்தேன். அவர் உள்ளே வந்து செருப்பைக் கழற்றிய கையோடு, சுவரில் அங்கங்கே சதுரம் சதுரமாக வெளுத்திருக்கிறதே, என்ன மாட்டியிருந்தாய் என்று கேட்டார். காலண்டர் என்றேன். ஒரு ஆளுக்கு எதற்கு இத்தனை காலண்டர் என்றார்.

நேற்று மத்தியானம் அந்த முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். அவர் மட்டும் வந்திருந்தால் சமாளித்திருப்பேன். ஆள் உயரத்துக்கு அட்டையில் வெட்டிய நீர்யானையைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். கடை வாசலில் நிறுத்துவதற்காகச் செய்த மாதிரியாம். கீழே தையல்கடையில் அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. அதை உள்ளே கொண்டுவந்து நிமிர்த்தி, உன் மாமியார் டீ குடித்துக்கொண்டிருந்த நாற்காலிக்கு நேர் எதிரே வைத்தார். "இவங்கதாங்க நம்ம..." என்று ஆரம்பித்தவர், நாற்காலியில் இருப்பவரைப் பார்த்தார். கண்ணாடிச் சங்கிலியைப் பார்த்தார். மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தார். அதற்குப் பிறகு வெகு நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் மாமியார் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நீர்யானையின் கைப்பையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"பையில ஜிப் எங்கே? இப்படித் திறந்து போட்டுட்டு பஸ்ல ஏறினா பர்ஸ் நிக்குமா?"

மற்றதையும் எடுத்து வை என்றார். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்தேன். புதுக் கண்ணாடியை நன்றாக ஏற்றி விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். புது வீட்டுக்கான அட்டையில் நீர்யானை சொல்லுமே, "வீடு பிரமாதம். மூலையில ஒட்டடை." சரியாகத்தானே சொல்லியிருக்கிறது என்றார். கல்யாண அட்டையில் வரும் "மாப்பிள்ளை பரவாயில்ல, சட்டைதான் சகிக்கல" என்பதைப் படித்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். முதலாளிக்கும் சிரிப்பு வந்தது. அவர் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அப்போதுதான் உடம்பு சரியில்லாதவர்களுக்கான அட்டை உன் மாமியார் கைக்கு வந்தது. கட்டில் கால்மாட்டில் நீர்யானை நிற்கிறது. "சீக்கிரம் எழுந்து வா. படுத்துக் கிடக்கிறவளைத் திட்ட முடியல." நீ காய்ச்சலில் கிடந்தபோது அவர் சொன்னதாக எனக்கு எழுதியிருந்தாய், நான் சிரிக்கட்டும் என்று. ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் போட்டோம். நம் அட்டைகளிலேயே அதிகம் விற்றது அதுதான்.

அதை இரண்டு முறை படித்தார். இது நான் சொன்னது என்றார். ஆமாம் அத்தை என்றேன்.

திட்டு விழும் என்று தயாராக நின்றேன். அவர் அட்டைகளை மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார்.

"உருவம் போகட்டும். என்னை ஒல்லின்னு யாரும் சொன்னதில்ல. ஆனா எல்லாத்துலயும் இது தனியாவே நிக்குதே. பக்கத்துல வந்து நிக்க ஒருத்தர்கூடவா இல்ல?"

நானும் குனிந்து பார்த்தேன். நிஜம்தான். பிறந்தநாள் அட்டையில்கூட கேக்குக்கு அந்தப் பக்கம் எல்லாரும், இந்தப் பக்கம் அது மட்டும். வாசகம் எழுத இடம் வேண்டும், அதைச் சுற்றி வெற்றிடம் விட்டு வரை என்று உன்னிடம் சொன்னதே நான்தான். அதை அவரிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சொல்லாமல் அந்தக் கேக் அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

அப்படியானால் ஒப்பந்தம் வேண்டாமா என்று முதலாளி மெதுவாகக் கேட்டார். "வேண்டாம்னு நான் சொன்னதாவும் எழுதிக்காதீங்க, சரின்னு சொன்னதாவும் எழுதிக்காதீங்க. வரையறது அவ. அவ சொல்லட்டும்" என்றார். முதலாளி நீர்யானையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார், இந்த முறை நேராக.

அதன் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்று காலையில் மட்டும், இத்தனையும் அவள் எப்போது வரைகிறாள், நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லையே என்று கேட்டார். மத்தியானம் நீங்கள் தூங்கும்போது என்றேன். தான் பகலில் தூங்குவதே இல்லை என்றார். "நான் கூடத்துல இருந்தா அவ உட்காரவே மாட்டா. அதான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கேன்."

தினமும் மத்தியானம், சின்னவளே. கதவுக்கு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவர்.

இப்போது கீழே தையல்காரருக்கு அத்தை பாடம் எடுக்கிறார், கை ஓரத்தின் தையல் கோணலாம். அந்த நேரத்தில் இதை எழுதி முடிக்கிறேன். எனக்கு இந்த ஒப்பந்தம் எவ்வளவு வேண்டும் என்று மறைக்கப் போவதில்லை. நேற்றிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுத்த அட்டைக்கு என்னிடம் ஏழெட்டு வாசகம் இருக்கிறது. ஆனால் நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஏன் என்று கேட்க மாட்டேன், முதலாளியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதமும் ஒப்பந்தமும் கூரியரில் நாளை உன் கைக்கு வந்துவிடும். வியாழக்கிழமை மத்தியான ரயிலில் அவரை ஏற்றிவிடுகிறேன், சாயங்காலம் அங்கே வந்துவிடுவார். மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு அனுப்பாதே. பெட்டியை வாங்கிக்கொண்டு அவர் பாட்டுக்கு முன்னால் நடந்துவிடுவார். நீயே போ. கையெழுத்து போடுவதோ போடாததோ அதற்குப் பிறகு இருக்கட்டும். புதுக் கண்ணாடியில் அத்தைக்குப் படியின் உயரம் இன்னும் பிடிபடவில்லை. கையைப் பிடித்தால் உதறுவார், பிடிக்க வேண்டாம். பக்கத்திலேயே நடந்து வா.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும் என்று விரும்பும்,
உன் அக்கா