சுண்டுவிரல் சொன்ன சாட்சி

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. இடது கையால எடுங்க.

ராத்திரியெல்லாம் என் தலையைத் தாங்கியே வலது கை மரத்துப்போச்சுன்னு சலூனுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றீங்களாமே! நேத்து மணிக்கட்டை மடக்கிப் பார்த்தோம்ல? கட்டைவிரலும் பக்கத்து ரெண்டு விரலும் மரத்துச்சு, சுண்டுவிரல் சும்மா இருந்துச்சு. அந்த மூணு விரலுக்குப் போற நரம்பு மணிக்கட்டுலதான் நசுங்குது; சுண்டுவிரலுக்கு வேற நரம்பு. என் தலைமேல பழி போடாதீங்க.

சாயந்திரம் எங்க கிளினிக்குக்கு வாங்க. நரம்புல லேசா கரண்ட் வெச்சு நானே டெஸ்ட் எடுக்கறேன். நேத்து சீப்பு நழுவுச்சு. நாளைக்குக் கத்தரி நழுவினா யாரோட காதோ போயிடும்.

பி.கு.: ராத்திரி தூக்கத்துல கையை உதறி என் மூக்குல குத்துனீங்களே, அதுவும் இந்த நோயோட அடையாளம்தான். அந்தக் கோவத்துலதான் காலையில பேசலை; இப்ப மன்னிச்சாச்சு, பேசலாம்.

இன்னொண்ணு: ராத்திரி பக்கம் மாத்திப் படுக்கலாம். இடது கை நல்லாத்தானே இருக்கு, என் தலைக்கு அது போதும்.