என் தம்பிக்கு ஆட்டத் தடை விதிக்கக் கோரி

அனுப்புநர்
கைசா லெஹ்டோ,
ஷாஃப்ட் தெரு,
கார்னெட் ஃபால்ஸ், வட ஒன்டாரியோ.

பெறுநர்
ஒழுங்கு நடவடிக்கை ஆணையர் அவர்கள்,
வட எல்லை இளையோர் ஐஸ் ஹாக்கி லீக்,
தலைமை அலுவலகம்.
(நேரில் தரப்படுகிறது. ஆணையர் மட்டுமே பிரிக்கவும்.)

பொருள்: கார்னெட் ஃபால்ஸ் – செயின்ட் ஓடில் அரையிறுதித் தொடர் – நான்காம் ஆட்டத்தில் நடந்த மோதல் – கார்னெட் ஃபால்ஸ் அணியின் ஆன்டன் லெஹ்டோவை ஆறாம் ஆட்டத்திலிருந்து விலக்கி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி ஆட்டக்காரர் என் தம்பி. நான் கார்னெட் ஃபால்ஸ் அணியின் ரசிகை. இப்படி ஒரு மனு எதிரணி ஊரிலிருந்து வந்திருந்தால் தங்களுக்கு வியப்பிராது. இது சொந்த வீட்டிலிருந்து வருகிறது. ஆகவே இதைச் சந்தேகத்தோடு வாசிப்பீர்கள். வாசியுங்கள். நானும் சந்தேகத்தோடுதான் எழுதுகிறேன்.

2. நடந்தது தங்களுக்குத் தெரியும். ஆயினும் முறைப்படி எழுதுகிறேன். நான்காம் ஆட்டம், எங்கள் ஊர்ப் பனித்தளம், கடைசிப் பகுதி. செயின்ட் ஓடில் அணித்தலைவர் ரெமி சார்போனோ பக் வட்டை மட்டையால் தள்ளிவிட்டுத் தலை நிமிர்ந்தார். ஆன்டன் வந்த வேகத்திலேயே அவரை ஓரப்பலகையோடு சேர்த்து மோதினான். இருவரும் விழுந்தார்கள். ஆன்டன் எழுந்தான். சார்போனோ எழவில்லை. அவருடைய காறை எலும்பு முறிந்தது. நடுவர் என் தம்பியை இரண்டு நிமிடம் தண்டனைக் கூண்டில் உட்காரவைத்தார்.

தோளால் மோதினானா, முழங்கையாலா என்பதுதான் அன்றிலிருந்து இரண்டு ஊர்களின் பேச்சு. முழங்கை என்றால் ஆட்டத் தடைக்குரிய குற்றம். எங்கள் ஊரில் அது தோள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், செயின்ட் ஓடிலில், அது முழங்கை. காணொளியை நானும் பலமுறை பார்த்தேன். ஒரு கோணத்தில் தோள். இன்னொன்றில் முழங்கை உயர்ந்திருக்கிறது. என் கருத்தைத் தாங்கள் கணக்கில் கொள்ள வேண்டாம். எனக்கு அது முழங்கையாக இருந்தாக வேண்டும்.

3. தங்கள் அலுவலகம் அன்று மாலையே "மேல் நடவடிக்கை இல்லை" என்று அறிவித்தது. எங்கள் ஊரில் கார் ஒலிப்பான்களை அழுத்திக்கொண்டு கொண்டாடினார்கள். நான் கொண்டாடவில்லை. சில விஷயங்கள் எனக்குப் பொருந்தவில்லை.

அணித்தலைவரையே இழந்த செயின்ட் ஓடில் ஏன் மேல்முறையீடு செய்யவில்லை? சிறிய தப்புக்கெல்லாம் புகார் எழுதும் கிளப் அது. இந்த முறை ஒரு வரி கூட எழுதவில்லை. மாறாக, கோல்பி ரஸ்க் என்பவரை அணியில் சேர்த்தார்கள். இந்தப் பருவம் முழுவதும் அவர் விளையாடியது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள். கோல் ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்த வேலை வேறு: கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கைச்சண்டை.

ஆன்டனுக்குத் தடை விதித்திருந்தால் அவன் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருப்பான். அவர்களுக்கு அவன் பனித்தளத்தில் வேண்டும். அதனால்தான் மௌனம் என்று நினைக்கிறேன்.

லீக் வெளியிட்ட ஆறாம் ஆட்டத்தின் விளம்பரப் படத்தையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. அதில் என் தம்பியின் முகமும் ரஸ்க்கின் முகமும் மூக்கோடு மூக்கு. மறுநாள் காலையில் படத்தை எடுத்துவிட்டார்கள். யார் போட்டார்கள், யார் எடுத்தார்கள் என்று கேட்கவில்லை. போட்டவரும் தங்கள் கட்டடத்தில்தான் இருக்கிறார் என்பதால் மட்டுமே உறையின் மீது ஆணையர் மட்டுமே பிரிக்கவும் என்று எழுதினேன்.

4. ஐந்தாம் ஆட்டம் செயின்ட் ஓடிலில். எங்கள் பயிற்சியாளர் திரு. மக்ராய் ஆன்டனைப் பெரும்பாலும் பெஞ்சிலேயே வைத்திருந்தார். செயின்ட் ஓடில்காரர்கள் எங்கள் கோல்கீப்பர் மீது இரண்டு முறை ஏறி விழுந்தார்கள். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியின்போது ரஸ்க் நடுக்கோட்டின் ஓரம் வரை வந்து நின்று என் தம்பியிடம் (ஆட்டத்தில் அவனை லெட்டி என்பார்கள்) இப்படிச் சொன்னதாக அறிகிறேன்:

"லெட்டி, இன்னிக்கு ஒளிஞ்சுக்கோ. பரவால்ல. சனிக்கிழமை உங்க ஊர்லயே வச்சுக்கலாம். உங்க ஆளுங்களும் பாக்கட்டும்."

5. மறுநாள் காலை, பனித்தள வளாகத்துக்கு எதிரே உள்ள காபிக் கடையில் நான் கேட்டதைக் கீழே தருகிறேன். பேசியவர்கள், இரும்புச் சாமான் கடை மோர்லி அவர்களும் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓடெட் அவர்களும். ஓடெட் செயின்ட் ஓடிலில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். அவர்கள் பேசியபடியே எழுதுகிறேன். திருத்தினால் சாட்சியம் கெட்டுவிடும்.

மோர்லி: "முழங்கையாம்ல, முழங்கை! செயின்ட் ஓடில்காரனுக்கு மூக்கு ஒழுகினாக்கூட லெட்டியோட முழங்கைதான் காரணம்."

ஓடெட்: "சும்மா இருய்யா. நம்ம பையன் மேல ஒருத்தன் அப்படி விழுந்திருந்தா நீ நடுவர் வீட்டு வாசல்ல போய்ப் படுத்திருப்ப."

மோர்லி: "அதான் ரெண்டு நிமிஷம் உள்ள உக்காந்தான்ல? முடிஞ்சு போச்சு."

ஓடெட்: "எங்க முடிஞ்சுது? நேத்து நம்ம கோல்கீப்பர் மேல மாடிப்படி மாதிரி ஏறுனானுங்க. லெட்டி பெஞ்சுல தண்ணி குடிச்சுட்டு இருந்தான். அடிச்சவன் பதில் சொல்லலைன்னா அடுத்தவன்தான் வாங்குவான். எங்க அண்ணன் காலத்துலேர்ந்து இதான்."

மோர்லி: "சொல்லுவான், சொல்லுவான். மக்ராய் முடிவு பண்ணிட்டாரு. மொத பக் விழும்போதே ரெண்டு பேரும் கையுறையைக் கழட்டிப் போட்டுட்டா, அப்புறம் நிம்மதியா ஹாக்கி பாக்கலாம்."

அப்போது என்னைப் பார்த்துவிட்டார்.

"வாம்மா, படிச்ச பொண்ணே! தம்பிக்கு நல்லா சாப்பாடு போடு. ரஸ்க்கோட குத்து ரொம்ப தூரம் எட்டும்."

ஓடெட் சிரிக்கவில்லை. "ஆனா மோர்லி, அந்தப் பையன் தலை..." என்று தொடங்கினார்.

அடுத்த மேசையில் ஊருக்குப் புதியவர் ஒருவர் இருந்தார். ஓடெட் நிறுத்திக்கொண்டார். கடையில் இருந்தவர்கள் தங்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள். பிறகு மோர்லி, தேவைக்கு அதிகமான சத்தத்தில்: "காலு எப்படிம்மா இருக்கு? உங்க தம்பி காலு?"

"பரவாயில்லை" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

6. இந்தப் பத்தியை வாசித்தபின் தாங்கள் கிழித்துவிட முடியுமானால் நன்று.

பிளே-ஆஃப் நெருங்கினால் எந்த அணியும் யாருக்கு எங்கே அடி என்று சொல்வதில்லை. உடலின் மேல்பகுதி அல்லது கீழ்ப்பகுதி. அவ்வளவுதான். சொன்னால் எதிரணி அந்த இடத்தையே தேடி வரும் என்பது காரணம். தங்கள் லீக் இதை அனுமதிக்கிறது.

ஜனவரியில் ஆன்டன் பின்புறமாக விழுந்தான். தலை பனியில் மோதியது. கிளப் "கீழ்ப்பகுதி" என்று அறிவித்தது. தலை என்று தெரிந்தால் வசந்தத்தில் எல்லோரும் தலைக்கே வருவார்கள், அவனைக் காப்பாற்றத்தான் என்றார் மக்ராய். அன்று அவர் சொன்னதை நான் நம்பினேன். இன்றும் அந்த ஒன்றை நம்புகிறேன்.

ஊருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஊர் முழுவதும் அந்த ரகசியத்தைக் காத்தது. வீட்டில் ஆன்டன் திரைச்சீலைகளை மூடிவிட்டுப் படுத்திருந்தான். ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டும் கரண்டிச் சத்தம் அவனுக்குத் தாங்கவில்லை. வெளியே போகும்போது நொண்டிக்கொண்டு போகச் சொல்லியிருந்தார்கள். போனான். ஒருநாள் கால் மாற்றி நொண்டினான். சாலைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மோர்லி கத்தினார்: "டேய், இடது காலுடா!" எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கம்பத்தைப் பிடித்து நின்றான்.

அவன் திரும்பி விளையாட வந்தபோது கிளப் மருத்துவர் முழங்காலைத் தட்டிப் பார்த்துச் சான்று கொடுத்தார். அந்த முழங்காலுக்கு எதுவும் ஆகவேயில்லை. தலைக் காயத்துக்கென்று தங்கள் லீக் வைத்திருக்கும் சோதனைகள் எதுவும் அவனுக்கு நடக்கவில்லை. அப்படி ஒரு காயம் தங்களைப் பொறுத்தவரை ஏற்படவேயில்லை.

7. நான்காம் ஆட்டத்துக்குப் பிறகு அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் கைபேசியைப் பார்க்கிறான். காரில் வானொலியை அணைத்துவிடுகிறான். நேற்று சமையலறையில் அவனிடம் பேசினேன்.

"நீ போகாதே" என்றேன்.

"நான் போகலைன்னா அவனுங்க சின்னப் பசங்களத்தான் தேடுவானுங்க அக்கா. ரெமிய அடிச்சது நான்தானே."

"உண்மையைச் சொல்லு. தோளா, முழங்கையா?"

அவன் வெகுநேரம் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"தெரியல அக்கா. ஞாபகம் இல்ல. வீடியோவுலதான் பாத்தேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"நீ சொன்னா உன்கூட பேசவே மாட்டேன்."

ஐயா, இரண்டு ஊர்கள் ஒரு மோதலைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருக்கின்றன. மோதியவனுக்கு அது நினைவில்லை. அதற்குத்தான் அவன் சனிக்கிழமை பதில் சொல்லப் போகிறான்.

8. வேறு வழிகளை முயலவில்லையா என்று கேட்பீர்கள். அப்பா சுரங்கத்தில் வேலைக்குப் போயிருக்கிறார். தொலைபேசியில், "பத்தொன்பது வயசு ஆச்சு, அவனே முடிவு பண்ணட்டும்" என்றார். திரு. மக்ராயைப் பார்க்கப் போனேன். "அப்படி எதுவும் பேசலியேம்மா, யார் சொன்னா?" என்று கேட்டார். காபிக் கடையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை.

சொந்தத் தளத்தில் ஆடும் அணிக்கு ஒரு வசதி உண்டு: எதிரணி முதலில் தன் ஆட்களை இறக்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டு நாம் இறக்கலாம். மக்ராய் நினைத்தால் ஆட்டம் முழுவதும் ஆன்டனை ரஸ்க்கின் கண்ணில் படாமல் வைத்திருக்க முடியும். அந்த வசதியை ரஸ்க்குக்கு எதிரே அவனை நிறுத்துவதற்குப் பயன்படுத்தப் போகிறார். அவர் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒருவனைக் கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றலாம் என்று நினைக்கிறார் போலும். கொடுப்பது அவருடைய தம்பியை அல்ல.

9. ஆகவே தங்களை வேண்டுவது:

நான்காம் ஆட்டத்தின் மோதலை முழங்கை என்று கொண்டு, மறு ஆய்வு செய்து, ஆன்டன் லெஹ்டோவுக்கு இத்தொடர் முடியும்வரை ஆட்டத் தடை விதிக்க வேண்டும். செயின்ட் ஓடில் பக்கத்துக் கோணத்திலிருந்து எடுத்த காணொளி அதற்குப் போதும். பொய் சொல்லும்படி நான் கேட்கவில்லை. பாதி ரசிகர்கள் நம்புவதை நம்பும்படி கேட்கிறேன்.

தலை பற்றி ஆணையில் ஒரு சொல்லும் வேண்டாம். தொடர் முடிந்தபின் லீக்கின் மருத்துவர் ஒருவர், கிளப்பைச் சேராதவர், அவனைப் பார்க்கட்டும். அடுத்த ஆண்டும் அவன் இதே ஆட்களோடு விளையாட விரும்புவான். என் பேச்சைக் கேட்டு நிறுத்தமாட்டான்.

இம்மனுவின் நகலை எந்தக் கிளப்புக்கும் அனுப்ப வேண்டாம். விளக்கம் கேட்டு எங்கள் கிளப்பைத் தொடர்புகொள்ளவும் வேண்டாம். அவர்கள் முழங்காலைப் பற்றித்தான் பேசுவார்கள்.

எங்கள் ஊர் தங்களைத் திட்டும். செயின்ட் ஓடில் தங்களை வாழ்த்தும். இரண்டும் தவறான காரணத்துக்காக. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

10. இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இது மிரட்டல் அல்ல.

காயம்பட்டவன் என்று தெரிந்தால் அவனோடு யாரும் சண்டைக்குப் போவதில்லை என்று இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டாம். எழுதப்படாதது. மோர்லி அதன்மீது சத்தியம் செய்கிறார். ஓடெட்டும்தான்: "தெரிஞ்சா ரஸ்க்கே கையக் கீழ போட்டுடுவான்மா. அவனும் ஒரு வீட்டுப் புள்ளதானே." நான் பல ஆண்டுகளாக ஆட்டம் பார்க்கிறேன். அப்படிக் கைகள் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. பார்க்காதது, காயங்கள் எல்லாம் மறைக்கப்பட்டிருந்ததாலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை அணிகள் பயிற்சிக்கு இறங்கும்வரை தங்கள் ஆணை வராவிட்டால், நான் எதிரணி அறையின் கதவைத் தட்டி கோல்பி ரஸ்க்கைக் கூப்பிட்டு, என் தம்பிக்கு அடிபட்ட இடம் எது என்று சொல்லப் போகிறேன். அந்த வழக்கம் உண்மையானால் ஆன்டன் வீடு திரும்புவான்; என்னோடு பேசமாட்டான். பொய்யானால், எங்கே அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் நானாவேன்.

நான் யாரையும் நம்பாத நிலையில் இருக்கிறேன். முன்பின் தெரியாத ஒரு சண்டைக்காரனை நம்பும் இடத்துக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கி,

(ஒப்பம்)
கைசா லெஹ்டோ

இடம்: கார்னெட் ஃபால்ஸ்
நாள்: வியாழன், மார்ச் 27