உன் பங்கையும் நானே சொல்கிறேன்

அன்பு மகன் மெர்வினுக்கு அப்பா சொல்ல அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் இங்கே இருவரும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் கிருபைக்கு வெளியே நிற்கிறது. நீயும் டார்லினும் பாப்பாவும் நியூசிலாந்தில் சுகமாயிருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு ஊம் போட்டு வைத்துவிடுகிறாய். தாளில் அது நடக்காது, கடைசிவரை வாசித்துத்தான் ஆகவேண்டும். உன்னோடு பேசமாட்டேன் என்றிருக்கிற உன் அம்மா எழுத மட்டும் சம்மதித்தாள். கை என்னுடையது, பேச்சு உங்களுடையது, அதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். சொல்லிவிட்டேன்.

ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது, பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவியாயிற்று. நீங்கள் ஜனவரியில் வரும்போது பாப்பாவுக்கு நம் கோயிலில் ஞானஸ்நானம் என்று உன் அம்மா வெள்ளைக் கவுன்கூடத் தைத்து வாங்கிவிட்டாள். அதற்குள் உன் பேச்சு வந்து சேர்ந்தது. விளங்காத ஒன்றுக்கு ஊர் முன்னால் நின்று விசுவாசிக்கிறேன் என்று சொல்ல உன்னால் முடியாது, டார்லின் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கட்டும், நீ வெளியே காரில் இருந்துகொள்வாய் என்று. அன்றிலிருந்து கவுன் பீரோவுக்குள்ளும் உன் அம்மா அடுப்படிக்குள்ளும் இருக்கிறார்கள். மூன்று எப்படியப்பா ஒன்றாகும் என்று நீ என்னிடம் கேட்டாயே, அதை மட்டும் விளங்கவைத்துவிட்டால் பையன் வழிக்கு வந்துவிடுவான் என்று அவள் தன் அண்ணன் அப்பாத்துரை வாத்தியாரையும் நம் கோயில் உபதேசியாரையும் ஒரே சாயங்காலத்தில் வரவழைத்தாள். அங்கேதான் கணக்குத் தப்பியது. உன் மாமா தேங்காயைக் கையில் எடுத்தார். சிரட்டை, பருப்பு, தண்ணீர் மூன்றும் சேர்ந்து ஒரே தேங்காய், பிதா குமாரன் பரிசுத்த ஆவியும் அப்படித்தான் என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. உபதேசியார் பையச் சிரித்துக்கொண்டு, "சிரட்டைய அடுப்புல போட்டு எரிக்குதோமே அண்ணாச்சி, அது மூணுல யாரு?" என்றார். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு உபதேசியார் தாமிரபரணியைப் பிடித்தார். மலையில் ஊற்று, இங்கே ஆறு, புன்னைக்காயலில் கடல், எல்லாம் ஒரே தண்ணீர் என்றார். மாமா விடுவாரா, "உம்ம ஆத்துல சாக்கடையும்தான் கலக்கு. அதுக்கு என்னவே அர்த்தம்?" என்றார். ஒருவர் சொன்னது எங்கே தப்பு என்று மற்றவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அப்போ சரி எதுவென்று நான் கேட்டதும் இரண்டு பேரும் முறுக்கைக் கடித்தார்கள். எதைச் சரியென்று எழுதட்டும் என்று உன் அம்மா கேட்டாள், இரண்டையும் எழுத வேண்டாம், தேங்காயைச் சட்னிக்கு அரை என்றேன். இதை எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, நான் பார்த்துவிட்டேன்.

மகனே, எனக்கும் விளங்கவில்லை. அது மட்டுமா விளங்கவில்லை. போன வருஷம் அடித்த காற்றில் நம் வாழை அத்தனையும் சாய்ந்தது, நடுவில் ஒரே வரப்புதான், அந்தப் பக்கத்து வயல்காரன் தளவாயின் வாழை ஒன்றுகூடச் சாயவில்லை. தானே தள்ளிவிட்டதுபோல அவனுக்கு வெட்கம், ஒரு தார் வெட்டி வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனான். நான் என்ன பாவம் செய்தேன், அவன் என்ன புண்ணியம் செய்தான் என்று சொல்ல ஊரில் நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் நாலு காரணம் சொன்னார்கள், காற்று ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோபத்தோடுதான் கோயிலுக்குப் போனேன். கோபத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டு வா என்று வாசலில் யாரும் தடுக்கவில்லை. உன் கலியாணத்தில் நம் சபை ஐயர் கேட்டதற்கு நீ ஆம் என்று கணீரென்று சொன்னாயே, அன்றைக்கு டார்லினைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? பேர் தெரியும், படிப்பு தெரியும், மீனில் முள் எடுக்கத் தெரியாத பிள்ளை என்று தெரியும். இன்றைக்காவது அவளை முழுக்க விளங்கிக்கொண்டாயா என்று அவளிடமே கேட்டுப்பார், ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று கேள்.

உன் ஞானஸ்நானம் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. உனக்கு ஞானத்தகப்பன் என் தம்பி தங்கையா. விக்கிரமசிங்கபுரம் மில்லில் ஷிப்டு முடித்துப் பஸ் பிடித்து, தலையெல்லாம் பஞ்சோடு ஓடிவந்து நின்றான். திரும்பிப் போகிற பஸ் நினைப்பில், ஐயர் வாயைத் திறப்பதற்குள் விசுவாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டான். "கேள்விய நான் கேட்டுக்கிடுதேன் தங்கையா, பெறகு சொல்லு" என்றார் ஐயர். கோயிலே சிரித்தது, நீ மட்டும் அழுதாய். அவனுக்கு அன்றைக்கும் ஒன்றும் விளங்கவில்லை, சாகிறவரைக்கும் விளங்கவில்லை. ஆனால் உனக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினால் போதும், அதே பஞ்சுத் தலையோடு வந்து உன் கட்டிலடியில் உட்கார்ந்துகொள்வான். அவன் சொன்ன வார்த்தைக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான்.

அதனால் நீ பொய் சொல்ல வேண்டாம். காரிலும் உட்கார வேண்டாம், பிள்ளையைத் தனியாகச் சுமந்து நிற்கிற டார்லினை ஊர் பார்க்க வேண்டாம். உள்ளே வந்து அவள் பக்கத்தில் நில். பாப்பாவுக்கு எதுவும் தெரியாது, அவளுக்காகப் பெரியவர்கள் பதில் சொல்வது அங்கே வழக்கம். உன்னால் சொல்ல முடிந்ததைச் சொல், முடியாத இடத்தில் வாயை மூடிக்கொள், பக்கத்தில் நின்று உன் பங்கையும் சேர்த்து நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன். ஐயரிடமும் கேட்டேன். முறையில் அப்படி இல்லை என்றார், ஆனால் யார் வாய் அசைந்தது என்று பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் நான் இல்லை என்றும் சொன்னார். நல்ல மனுஷன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், பாப்பாவின் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள். டார்லினுக்கு எங்கள் ஆசீர்வாதம். வருவதற்கு முன்னால் அம்மாவுக்கு நீயே போன் போட வேண்டும், மறந்துவிடாதே, அவள் எடுக்காவிட்டால் மறுபடியும் போடு. தாளின் பின்பக்கம் நான் ஒரு வரி எழுத வேண்டும் என்றாள். என்ன எழுதப் போகிறாய் என்றேன், உங்களுக்கு எதற்கு என்றாள். எழுதிவிட்டு இப்போதுதான் தாளைத் திருப்பினாள், ஒரு வரி என்றவள் நாலாவது வரிக்குப் போய்விட்டாள், நடுநடுவே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். உன்னைத் திட்டியிருக்கிறாளா கொஞ்சியிருக்கிறாளா, எனக்கு வாசிக்கத் தெரியாது. எதுவானாலும் அதற்கும் சேர்த்துத்தான் கைநாட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
வேதமாணிக்கம்
(இடது பெருவிரல் ரேகை)