எண்ணெயில் ஊற்றிய குடிதண்ணீர்

என் ஆசை அண்ணனுக்கு,

உன்னிடம் பேச இந்தக் காகிதத்தை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. படிக்கிறவர்கள் படித்துவிட்டுப் போகட்டும்.

நம் வீட்டை ஒட்டித்தான் தோல் பதனிடும் ஷாப்பின் பாய்லர். கறுப்பு எண்ணெய் எரிந்த புகையெல்லாம் நம் முற்றத்தில் இறங்கும். எனக்கோ மூச்சிழுப்பு. பிள்ளை இங்கே தாங்காது என்று டாக்டர் சொன்னதும், அம்மா என்னைச் செம்பட்டி மாமி வீட்டுக்கு அனுப்பத் தயாரானாள். நீதான், "செத்த பொறுங்கம்மா" என்றாய்.

ஷாப்பில் தோலை மிருதுவாக்க நீங்கள் எண்ணெயையும் தண்ணீரையும் சோப்புப் போட்டுப் பாலாக அடிப்பீர்களே, பாய்லர் எண்ணெயையும் அப்படியே அடிக்கப்போவதாகச் சொன்னாய். நெருப்பில் தண்ணீர் ஊற்றும் புத்திசாலி என்று ஷாப்பே சிரித்தது. முதல் கலவை திரிந்து, தண்ணீர் தனியே பிரிந்து, பாய்லர் இருமி அணைந்தும்போனது. சோர்ந்துபோய் வந்து உட்கார்ந்தாய்.

"எந்தத் தண்ணிண்ணே ஊத்துனே?"

"ஷாப்புக் கெணத்துத் தண்ணிதான்."

"அந்த உப்புத் தண்ணியில என் தாவணிக்கே சோப்பு நுரைக்காதே."

என்னை ஒரு பார்வை பார்த்தாய். அடுத்த நிமிடம் நம் குடிதண்ணீர்க் குடம் உன் தோளில் இருந்தது. "ஏலே, குடிக்கிற தண்ணிடா" என்று அம்மா பின்னாலேயே ஓடினாள்.

பிறகு புகைபோக்கியில் ஒன்றுமே வரவில்லை. மறுபடி அணைந்துவிட்டதென்று பயந்து, பெண்கள் நுழையாத பாய்லர் கொட்டகைக்குள் ஓடி வந்தேன். நீ கண்ணாடித் துளையைக் காட்டினாய். எப்போதும் சிவந்து புகையும் நெருப்பு, வெளுத்துப்போய்ப் படபடவென்று எரிந்துகொண்டிருந்தது.

"தண்ணி எரியலடி. சூட்டுல ஆவியாகி வெடிச்சு, எண்ணெயத் தூளாக்கிருது. தூளானது மிச்சமில்லாம எரிஞ்சிருது."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நெருப்பை அணைக்கும் என்று பிறந்ததிலிருந்து நம்பிய தண்ணீர், நெருப்புக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தது. அல்லாஹ்வின் வேலையை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. அது எப்படி அண்ணே உனக்குத் தோன்றியது?

நான் செம்பட்டிக்குப் போகவில்லை. உன்னைத்தான் காய்ச்சல் கொண்டுபோனது.

உன் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும், அதுவரை மூடிக் கிடந்த ஷாப்பைத் திறந்த சித்தப்பா, "இனிமே யாரு கலக்குறது? வெறும் எண்ணெயே ஊத்துங்கப்பா" என்று சொல்லிவிட்டார். புகை திரும்பியது. கூடவே இழுப்பும். நேற்று முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்குள் போய் நின்றேன்.

"நான் கலக்குறேன் சித்தப்பா."

அவர் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, எனக்கு வழிவிட்டார்.

கலவை திரியவில்லை அண்ணே. முற்றத்துக்கு வந்து நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்தேன். எங்கேயும் அடைக்கவில்லை. இனி என் மூச்சு உள்ளவரை நானே கலக்குவேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
மரியம்